முன் கேற்றால் போன பிள்ளைகள்

என் மகள் முன்பள்ளியின் முன் கேற்றால் உள்ளே போன அதே கிழமையில் என் வேலை போனது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் நான் ஏதோ வென்றவள் போலவோ தோற்றவள் போலவோ தெரியும்.

அப்போது எங்கள் ஊரில் வசதியான ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். என் கணவர் மற்றவர்களுடைய ஆழ்கடல் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். போனால் பத்து, பன்னிரண்டு நாள் கடலில். மீன் பட்டால் பங்கு கிடைக்கும், படாவிட்டால் வெறுங்கையோடு வந்து இரண்டு நாள் தூங்குவார். நான் உயர்தரம் வரை படித்தவள். பெறுபேறு மோசமில்லை. பல்கலைக்கழகம் மட்டும் மயிரிழையில் தவறிப்போனது. அதற்குப் பிறகு கலியாணம், பிள்ளை, அடுப்படி. நான் படித்தவளா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வேலைக்கு அவளையும் கூட்டிப் போவேன். குசினியின் பின்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பாய்த்துண்டை விரித்து, "சத்தம் போடாம இரி மகள்" என்று சொல்லி உட்கார வைப்பேன். காலை எட்டு மணியிலிருந்து மதியம் ளுஹர் தொழுகை முடியும்வரை அப்படியே இருப்பாள். அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் எல்லாரும், என்ன நல்ல பிள்ளை, சத்தமே இல்லை என்று மெச்சுவார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மேசையிலிருந்து பெரிய சட்டி மூடி ஒன்று வழுக்கி அவளுடைய கால் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்துவிட்டது. அவள் அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணீர் மட்டும் விரல்களுக்கு மேலாக ஓடியது. மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை. அன்றைக்குத்தான் நான் பயந்தேன். என் வேலைக்காக என் பிள்ளையை ஊமையாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்த மாதத்தில் பிறப்புப் பத்திர வேலையாகப் பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தபோது சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளை வழக்கமான நான்கு வயதுக்கு முன்பே, மூன்று வயதில், முன்பள்ளியில் சேர்க்கலாம். கட்டணத்தை அரசாங்கம் பள்ளிக்குக் கட்டும். முன்பள்ளிகளைக் கவனிக்கும் உத்தியோகத்தர் காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகும் ஒரு பெண். விண்ணப்பப் படிவத்தைத் தந்துவிட்டு, பதிவு செய்த எந்த முன்பள்ளியையும் நானே தெரிவு செய்யலாம் என்றார். பிரதான வீதியில் இருந்த, ஊரில் எல்லாரும் பிள்ளைகளைச் சேர்க்க ஆசைப்படும் முன்பள்ளியை எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

என் கணவருக்கு விருப்பமில்லை. மூன்று வயதில் என்ன படிப்பு, நான்கு வயதில் போகட்டுமே என்றார். நான் சட்டி மூடி விழுந்த கதையைச் சொன்னேன். அவர் கடலில் இருந்தபோது நடந்தது அது. மகளின் காலைத் தூக்கி அந்தக் கறுத்த நகத்தைப் பார்த்தார். பிறகு பேனையைக் கேட்டு வாங்கிக் கையொப்பம் வைத்தார்.

தை மாதம், மாரி மழை இன்னும் விடாத நேரத்தில் பள்ளி தொடங்கியது. அந்த வருடம் உதவித் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் ஐந்து பேர். பெரிய டீச்சர், அதாவது அந்தப் பள்ளியை நடத்துகிறவர், எங்களை முன் கேற்றில் நிறுத்தி, சின்னப் பிள்ளைகள் வகுப்பு பின்பக்கம், ஒழுங்கையில் ஒரு சின்னக் கேற் இருக்கிறது, அதால் வாருங்கள் என்றார். நாங்கள் அந்தக் குறுகலான ஒழுங்கையால் சுற்றிப் போனோம். சுவரோடு சாய்த்துத் தகரம் போட்ட ஒரு இறக்கு. ஒரு பாய், ஒரு கூடை விளையாட்டுச் சாமான், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன்.

நான் வேலை செய்த வீட்டுக்காரியை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன்; அவருடைய மகனும் அந்த வருடம்தான் அதே பள்ளியில் சேர்ந்தான். காசு கட்டுகிறவர்களிடம் அங்கே வயது பார்ப்பதில்லை. ஒவ்வொரு நாளும் மதியம் கையில் ஏதாவது ஒன்றோடு வருவான். நிறக் கடதாசியில் வெட்டிய மீன், தன் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்துப் பதித்த படம், புதுப் பாட்டு ஒன்று. என் மகள் வெறுங்கையோடு வருவாள். என்ன படித்தாய் மகள் என்று கேட்டால், "இருந்தன்" என்பாள். ஒரு மாதம் அந்த ஒரே பதில்தான்.

ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வேலை வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போல வளவைச் சுற்றிக் குசினி வாசலுக்குப் போனோம். அவள் நடுவில் நின்று கேட்டாள்:

"உம்மா, நாம பின்னால போற ஆக்களா?"

வீட்டின் முன்வாசல் திறந்துதான் கிடந்தது. இரண்டு வருடமாக நான் அதால் போனதில்லை. அதால் போகாதே என்று யாரும் சொன்னதும் இல்லை. நானாகவே பின்னால் போகப் பழகியிருந்தேன், மகளையும் பழக்கியிருந்தேன்.

அடுத்த நாள் வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு ஒழுங்கையில் நின்று பார்த்தேன். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பாயின் ஒரு பக்கம் நனைந்து, ஐந்து பிள்ளைகளும் மற்றப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். ஆயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டீச்சர் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. முன் மண்டபத்திலிருந்து பாட்டுச் சத்தம் மட்டும் வந்தது. என் மகள் அந்தப் பாட்டுக்கு வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

பெரிய டீச்சரிடம் போனேன். சின்னப் பிள்ளைகள் என்பதால் தனியாக வைத்திருக்கிறோம் என்றார். நான் வேலை செய்யும் வீட்டு மகனின் பிறந்தநாளுக்குப் புரியாணி ஆக்கியது நான்தான். அவன் பிறந்த நாள் எனக்குத் தெரியாதா?

"எங்கட ராத்தாட மகன் என்ட மகளுக்கு ரெண்டு மாசம் இளையவர், டீச்சர். அவர் எப்படி முன் மண்டபத்தில இரிக்கார்?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரசாங்கம் தாறதுக்கு இவ்வளவுதான் செய்ய ஏலும். காசு கட்டுற தாய் தகப்பனுக்கு நான் பதில் சொல்லணும். உங்கட பிள்ளையளோட இருத்தினா அவங்க கூட்டிட்டுப் போயிருவாங்க. கிடைச்சதுக்கு அல்லாஹ்வுக்குச் சுக்ர் செஞ்சிட்டு இரிங்க."

வெளியே வந்தேன். நேரே பிரதேச செயலகத்துக்குப் போய் அந்தத் திட்டத்தின் சுற்றறிக்கையைக் கேட்டேன். காரைதீவு மிஸ் அலுமாரியைத் திறந்து எடுத்துப் போட்டோக் கொப்பி ஒன்று தந்தார். அங்கேயே வாங்கில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரைவரை வாசித்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு அவ்வளவு கவனமாக நான் எதையும் வாசித்ததில்லை. தனி வகுப்பு என்று எங்கும் இல்லை. சேர்க்கப்படும் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளிலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஒரு பந்தி இருந்தது. அதன் கீழே நகத்தால் கோடு இழுத்தேன்.

"எழுத்தில தாங்க தங்கச்சி. நான் மேல அனுப்புறன். ஆனா சுணங்கும்" என்றார் மிஸ்.

எழுதிக் கொடுத்தேன். சுணங்கத்தான் செய்தது. இரண்டு கிழமை, மூன்று கிழமை, ஒரு பதிலும் இல்லை. ஆனால் நான் முறைப்பாடு கொடுத்த கதை மட்டும் ஊருக்குள் வேகமாகப் போனது. ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ராத்தா குசினிக்கு வந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. பெருநாளுக்கு என் மகளுக்கும் சட்டை எடுப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் தானே சமைத்து எனக்கும் ஒரு கோப்பை அனுப்புவார். கெட்டவரோடு சண்டை பிடிப்பது லேசு. அவர் மெதுவாகக் கதைத்தார்.

"நான் உனக்கு என்ன குறை வெச்சன் புள்ள? அந்தப் பிரச்சினைய விடு. பின்னேரத்தில உன்ட மகளுக்கு நானே எழுத்துப் பழக்கி விடுறன்."

என் கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கையைக் கழுவிவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"நீங்க தாறது சதக்கா ராத்தா. அதுக்கு அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான். நான் அங்க கேக்கிறது என்ட மகளுட ஹக்கு. தர்மத்தையும் உரிமையையும் ஒண்டாக் கலக்க ஏலா."

அவர் திரும்பிப் போனார்.

மற்ற நான்கு தாய்மாரின் வீடுகளுக்கும் போனேன். சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினேன். ஒருத்தி, இருக்கிற இடமும் போய்விடும் என்று அழுதாள். அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியாத பயம் அல்ல. மூன்று பேர் வருகிறோம் என்றார்கள். அதில் ஒருத்தி பாலமுனையிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். அவள் வாயைத் திறந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை காலை நாங்கள் நான்கு பேரும் நான்கு பிள்ளைகளோடு முன் கேற்றுக்குப் போனோம். மற்றப் பிள்ளைகள் உள்ளே போகும்வரை கேற் திறந்திருந்தது. எங்கள் முறை வந்ததும் பெரிய டீச்சர் வந்து, உங்கள் கேற் அந்தப் பக்கம் என்றார். இன்றைக்கு இதால்தான் போவோம் என்றேன். அவர் கேற்றை மூடிப் பூட்டைக் கொழுவினார். சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நான் வீட்டிலிருந்து ஒரு பாய் கொண்டுவந்திருந்தேன். கேற்றுக்கு முன்னால், வீதி ஓரத்தில் அதை விரித்தேன். பிள்ளைகளை நடுவில் இருத்தி நாங்கள் சுற்றி இருந்தோம். ஓட்டோக்கள் மெதுவாகப் போயின. சிலர் நின்று பார்த்தார்கள். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நிறுத்தி, பொம்பளைகள் ரோட்டில் இருந்து என்ன செய்கிறீர்கள், வெட்கம் இல்லையா என்று கேட்டார். நான் பதில் தேடும் முன் பாலமுனைக்காரி அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"வெக்கப்பட வேண்டியவங்க கேற்றுக்கு உள்ளுக்கு இரிக்காங்க, காக்கா."

அவர் போய்விட்டார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று நான் எழுத்துச் சொல்லத் தொடங்கினேன். அ, ஆ தாண்டவில்லை. அப்போது ஒழுங்கைப் பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். அந்தப் பள்ளியில் பாட்டும் ஆட்டமும் பழக்கும் சின்ன டீச்சர். இருபத்திரண்டு வயது இருக்கும். முன் கேற்றின் சாவி அவரிடம் இல்லாததால் எங்கள் பிள்ளைகளின் பின் கேற்றால் வெளியே வந்து சுற்றி வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றி வைத்தார்.

"தள்ளி இரிங்க பிள்ளையள். எனக்கும் இடம் தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். பாயில் உட்கார்ந்து, உள்ளே பாடிக்கொண்டிருந்த அதே பாட்டைத் தொடங்கினார். உள்ளே இருந்த பிள்ளைகள் சத்தம் கேட்டுக் கேற்றுக்கு ஓடி வந்தார்கள். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவர்களும் பாடினார்கள். ராத்தாவின் மகன் முகத்தைக் கம்பிக்குள் அழுத்தி என் மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். என் மகள் எழுந்து நின்றாள். பிறகு பாடினாள். முழுப் பாட்டையும், ஒரு சொல் விடாமல், வீதிக்குக் கேட்கும்படி. இரண்டு மாதமாகத் தகரத்துக்குக் கீழே இருந்து வாயசைத்துப் படித்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் ராத்தா தொலைபேசி எடுத்தார். அவர் வீட்டுக்காரர் விரும்பவில்லையாம், நாளைக்கு வர வேண்டாம் என்றார். சரி ராத்தா என்று வைத்துவிட்டேன். வேலை போனதற்கு நான் அழவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாக அழுதேன். அடுத்த நாள் காலையில் பாயைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் போனேன்.

இரண்டாம் நாள் மழை. எதிர்க் கடைக்காரர் தறப்பாள் ஒன்றைக் கொண்டுவந்து மதிலிலும் மின்கம்பத்திலும் கட்டிவிட்டுப் போனார். பயந்து அழுத தாயும் அன்றைக்குப் பிள்ளையோடு வந்தாள். ஐந்து பேரானோம்.

மூன்றாம் நாள் காரைதீவு மிஸ் வந்தார். மழை அங்கியைக் கழற்றிவிட்டுக் கோப்போடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய டீச்சரின் மேசையில் அந்தப் பந்தி திறந்து கிடந்தது. இப்படி வீதியில் இருந்து பள்ளியின் பேரைக் கெடுக்காமல் முதலிலேயே தன்னிடம் சொல்லியிருக்கலாம் என்றார் பெரிய டீச்சர். முன்பே சொன்னேன், நீங்கள்தான் சுக்ர் செய்யச் சொன்னீர்கள் என்றேன். மிஸ் குனிந்து கோப்பைப் புரட்டினார்.

அந்தப் பந்தியின்படி எல்லாப் பிள்ளைகளையும் முன் மண்டபத்தில் இருத்துவதென்று முடிவாகி, கேற்றைத் திறந்தார்கள். மகள் அழுவாள், என் கையை விடமாட்டாள் என்று நினைத்து அவளுக்குச் சொல்ல ஆறுதல் வார்த்தைகளை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளோடு கலந்து போய்விட்டாள். நான் சொல்ல வைத்திருந்ததை எனக்கே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

கடலிலிருந்து வந்த என் கணவருக்குக் கரையிலேயே கதை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. என்ன சமைத்தாய் என்று கேட்டுச் சாப்பிட்டார். அடுத்த நாள் விடிய எழுந்து குளித்து, பெருநாள் சாரனை உடுத்தி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தானே பள்ளிக்குப் போனார். முன் கேற்றால் போய், முன் கேற்றால் வந்தார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. காசு கட்டிய இரண்டு குடும்பத்தார் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ராத்தா தன் மகனை எடுக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். கை வெந்தது, ஆனாலும் அடுப்பு என்னுடையது. சின்ன டீச்சரைத் தவணை முடிவில் நிறுத்திவிட்டார்கள். பெரிய டீச்சரிடம் போய்க் கேட்டேன். பள்ளி என்னுடையது, ஆளை வைப்பதும் நிறுத்துவதும் என் விருப்பம் என்றார். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. அவருக்காக நாங்கள் பாய் விரிக்கவில்லை. பிள்ளைகளின் இடம் போய்விடும் என்று இந்தமுறை நானும் பயந்தேன். எங்களுக்காகச் செருப்பைக் கழற்றி வைத்து ரோட்டில் உட்கார்ந்தவருக்கு நான் செய்தது அவ்வளவுதான். அவர் இப்போது அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். பார்த்தால் சிரிப்பார். எனக்குத்தான் சரியாகச் சிரிக்க வராது.

வருட முடிவில் பள்ளியில் விழா வைத்தார்கள். மேடை கட்டி, பலூன் தொங்கவிட்டு, அதிகாரிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். உதவித் திட்டத்துப் பெற்றோர் சார்பில் நன்றியுரை சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று பெரிய டீச்சர் பாலமுனைக்காரியிடம் கேட்டிருக்கிறார். அவள் என் பேரைச் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். வாசிக்க ஒரு தாளும் எழுதித் தந்தார்கள். வறிய எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் தந்த பெருமனதுக்கு என்று அது தொடங்கியது.

மேடையில் ஏறி ஸலாம் சொன்னேன். தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்தேன்.

"எங்கட பிள்ளையளுக்குப் பாட்டுச் சொல்லித் தந்து, அதால வேலைய இழந்த சின்ன டீச்சருக்கு நன்றி. மழைக்குத் தறப்பாள் கட்டின கடைக்கார காக்காக்கு நன்றி. மத்தப்படி, இந்த இடம் எங்கட பிள்ளையளுக்கு உரிய இடம். உரியத வாங்கினதுக்கு நாங்க நன்றி சொல்ல மாட்டம்."

மைக் அதற்குள் நின்றுவிட்டது. கம்பி கழன்றதா, கழற்றினார்களா என்று எனக்குத் தெரியாது. பின்வரிசைவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். முன்வரிசையில் யாரும் கை தட்டவில்லை. பின்னால், சுவரோடு நின்ற தாய்மார் தட்டினார்கள். ராத்தா நடுவில் இருந்தார். அவர் மடியில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்து, மகளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, அவளுடைய ஆட்டம் வரும்வரை நின்று பார்த்தேன்.

அந்த விழாவுக்குப் பிறகு பெரிய டீச்சர் என் ஸலாத்துக்குப் பதில் சொல்வதில்லை; ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்று அவருக்கும் தெரியும். என் மகள் இப்போது பெரிய பள்ளிக்குப் போகிறாள். ஆனால் தை மாதம் வந்தால் புதிதாகச் சேர்க்கும் தாய்மாரோடு நான் அந்த முன்பள்ளிக்குப் போவேன், படிவம் நிரப்பிக் கொடுக்க. இந்த வருடம் ஒன்பது பிள்ளைகள். பெரிய டீச்சரைக் கண்டதும் முதலில் ஸலாம் சொன்னேன். அவர் படிவங்களை எண்ணுவது போல் குனிந்துகொண்டார். ஒன்பது தாய்மாரும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.